இரவுப் பணிக்கு இரண்டு பேர்

முதியோர் இல்லம் தொடங்க நினைக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பெங் என்று பேராக்கின் பல ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அந்த வேலைக்கும் வெளிநாட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். லயத்தில் பிறந்து பால்மரம் வெட்டியே வயதானவர்களுக்கு இன்று வீடு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பிள்ளைகள் கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அதனால் இல்லங்கள் வேண்டும். தொடங்குபவர்களை நான் வாழ்த்தித்தான் அனுப்புகிறேன்.

ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகள் வாடகை, உரிமம், சாப்பாட்டுச் செலவு, தாதியின் சம்பளம் என்பதோடு நின்றுவிடுகின்றன. தீப்பிடித்தால் என்ன செய்வது, தண்ணீர் ஏறினால் யாரை முதலில் தூக்குவது என்று கேட்பவர் அரிது. கேட்காததை நானே எழுதிவிடுகிறேன்.

1. கணக்கைப் பகலில் போடாதீர்கள், இரவில் போடுங்கள்.

பகலில் உங்கள் இல்லத்தில் சமையல்காரர் இருப்பார், ஓட்டுநர் இருப்பார், பார்க்க வந்த சொந்தக்காரர்கள் இருப்பார்கள், நீங்களும் இருப்பீர்கள். இரவு மூன்று மணிக்கு இருப்பது இரண்டு பணிப்பெண்கள். அதில் ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். பேரிடர் வந்து சேர்வது பெரும்பாலும் அந்த இரண்டு பேரிடம்தான்.

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி மனநலக் காப்பகம் எரிந்தது விடியற்காலையில். 28 பேர் இறந்தார்கள். கோலாலம்பூர் டத்தோ கெராமாட்டில் 2017 செப்டம்பர் 14ஆம் தேதி தாஃபிஸ் பள்ளி விடுதி எரிந்து மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேர் போனதும் விடியலுக்கு முன்புதான். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் லீல்-வெர்ட் என்ற சிற்றூரில் 2014 ஜனவரி 23ஆம் தேதி முதியோர் இல்லம் எரிந்து 32 பேர் மாண்டது நள்ளிரவு தாண்டிய நேரத்தில்.

உங்கள் இல்லத்தில் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேர் தாமாக நடப்பார்கள். ஏழு பேருக்குக் கையோ சக்கர நாற்காலியோ வேண்டும். ஐந்து பேர் படுத்த படுக்கை. படுக்கையில் இருப்பவரை வெளியே கொண்டுவர இரண்டு பேருக்கு மூன்று நிமிடம் என்றாலும் ஐவருக்குப் பதினைந்து நிமிடம். மற்ற ஏழு பேருக்கும் சேர்த்தால் இருபதைத் தாண்டும். பஞ்சு மெத்தை எரிந்து வரும் புகை அறையை நிரப்ப அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது, சில நிமிடங்கள் போதும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள். இதற்குப் பிறகு நான் சொல்வதெல்லாம் இந்த இருபது நிமிடத்தைக் குறைப்பதற்கான வழிகள்தான். இரண்டு பேரால் செய்ய முடியாத திட்டத்தைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிப் பயனில்லை.

2. பூட்டு.

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏர்வாடியில் இறந்தவர்களைக் கொன்றது தீ மட்டுமல்ல, சங்கிலி. படுக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தார்கள். கோலாலம்பூர் விடுதியில் தீ கதவுப் பக்கம் இருந்தது, சன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியே நின்றவர்களுக்குப் பிள்ளைகளின் கூக்குரல் கேட்டது, எட்டிப் பிடிக்க வழியில்லை.

மலேசியாவில் கிரில் இல்லாத வீடு அரிது. திருட்டுப் பயம் நியாயமானது. அதோடு, நினைவு தடுமாறிய பெரியவர்கள் நள்ளிரவில் எழுந்து நடந்துவிடுவார்கள் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். அதுவும் நியாயமானதே. பழைய தோட்டத் தொழிலாளி ஒருவர் நாலரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நேரமாகிவிட்டது என்று வாளியைத் தேடிக்கொண்டு வெளியே கிளம்புவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவரைத் தடுக்கத்தான் கதவுக்குப் பூட்டு போடுகிறோம். அந்தப் பூட்டுதான் நெருப்பு வரும் நாளில் எல்லாரையும் உள்ளே அடைத்து வைக்கிறது.

வழி இருக்கிறது. வீட்டுக் கதவைப் பூட்டாமல் வேலியைப் பூட்டுங்கள். சுற்றிலும் நல்ல வேலி, நடுவில் முற்றம், நாலு பெஞ்சு. பெரியவர் இரவில் எழுந்து நடந்தாலும் முற்றத்தில் நடப்பார். தீ வந்தால் அதே முற்றத்தில்தான் எல்லாரும் கூட வேண்டும். வேலிக் கதவும் தீயணைப்பு வண்டிக்குத் திறந்தாக வேண்டுமே, அதன் சாவி இரவுப் பணியாளர் இடுப்பில் இருக்கட்டும். வீட்டுக் கதவில் பூட்டுக்குப் பதிலாகத் திறந்தால் ஒலிக்கும் மணியைப் பொருத்துங்கள், கடையில் மலிவாகக் கிடைக்கிறது. சன்னல் கிரில்களில் ஓர் அறைக்கு ஒன்றாவது உள்ளிருந்து திறக்கும்படி கீல் வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

பூட்டியே ஆக வேண்டிய கதவுகள் இருந்தால் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருக்க வேண்டும். கொத்துச் சாவி கூடாது. புகையில், இருட்டில், கை நடுங்கும்போது பன்னிரண்டு சாவியில் எது என்று தேட எவராலும் முடியாது. சாவி ஒன்றைச் சிவப்புக் கயிற்றில் கட்டிக் கதவுக்குப் பக்கத்திலேயே, புகைக்குக் கீழே குனிந்து வருபவரின் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணியில் மாட்டுங்கள். அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று பணியாளரைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

யாரையும் கட்டிலோடு கட்டாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கென்றாலும் வேண்டாம்.

3. நடக்க முடியாதவருக்கு மாடி வேண்டாம்.

தெரஸ் வீட்டை வாடகைக்கு எடுத்துக் கீழே ஹாலும் சமையலும், மேலே படுக்கையும் என்று அமைக்கிறார்கள். தலைகீழான ஏற்பாடு அது. படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் கீழ்த்தளத்தில், வாசலுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். தானாக இறங்கி வரக்கூடியவர் மட்டுமே மேலே. இடம் போதவில்லை என்றால் ஆட்களைக் குறையுங்கள். வருமானம் குறையும், தெரியும். ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் டேப் எடுத்துக்கொண்டு போய்க் கதவின் அகலத்தை அளந்து பாருங்கள். சக்கர நாற்காலி நுழைந்தால் போதாது, அதைத் தள்ளுபவர் கைமுட்டி இடிக்காமல் நுழைய வேண்டும். முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் சரிவுப் பாதை வேண்டும். பின்வாசல் பெரும்பாலும் சமையலறை வழியாகத்தான் போகும். தீ தொடங்கும் இடமும் பல நேரம் சமையலறைதான். ஆகவே மூன்றாவதாக, படுக்கை அறையிலிருந்து நேரே வெளியே போகும் ஒரு வழியை உடைத்தாவது போடுங்கள்.

4. கதவைச் சாத்தப் பழக்குங்கள்.

எரியும் அறையிலிருந்து ஆளை எடுத்தவுடன் அந்த அறைக் கதவைச் சாத்த வேண்டும். சாதாரண மரக்கதவு சாத்தியிருந்தாலே புகையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கும். எல்லாரையும் ஒரேயடியாக வெளியே கொண்டுபோக முடியாதபோது, தீயிலிருந்து தள்ளியுள்ள அறைக்கு மாற்றிக் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு அடுத்தவரிடம் ஓடலாம். லீல்-வெர்ட் இல்லத்தில் எரிந்தது தானியங்கி நீர்த்தெளிப்பான் இல்லாத பழைய பகுதி. தடுப்புச் சுவருக்கு அப்பால், தெளிப்பான் இருந்த புதிய பகுதி நின்றது.

5. தூக்காதீர்கள், இழுங்கள்.

பக்கவாதம் வந்த கனமான பெரியவரை நாற்பது கிலோ எடையுள்ள பணிப்பெண் தூக்க முடியாது. ஆனால் இழுக்க முடியும். தடித்த போர்வையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் நீளவாக்கில் விரியுங்கள். பெரியவர் படுத்திருக்கும் விரிப்போடு சேர்த்து, ஒருவர் தோள் பக்கமும் ஒருவர் கால் பக்கமும் முழங்கால் போட்டு உட்கார்ந்து, மெதுவாகப் போர்வையின் மேல் இறக்க வேண்டும். தலைக்குக் கீழே கை இருக்கட்டும். போர்வையின் இரண்டு ஓரங்களையும் மார்புக்குக் குறுக்கே மடித்துச் செருகுங்கள், கைகள் உள்ளே இருக்கும்படி. பிறகு தலைமாட்டுப் பக்கத்தைச் சுருட்டி இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, குனிந்த உடம்போடு பின்னோக்கி நடக்க வேண்டும். டைல்ஸ் தரையில் வழுக்கிக்கொண்டு வரும். ஒரே ஆளால் முடியும். குனிந்து இழுப்பதால் இழுப்பவரின் தலையும் புகைக்குக் கீழே இருக்கும்.

மூக்குக் குழாய், சிறுநீர்ப் பை இரண்டையும் முதலில் பெரியவரின் வயிற்றின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இழுக்கும்போது பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு படுத்த படுக்கைக்காரரின் கட்டிலுக்கும் கீழே இந்தக் காரியத்துக்கென்றே ஒரு போர்வை மடித்து வைத்திருக்க வேண்டும். துவைக்கப் போனால் மாற்றுப் போர்வை வர வேண்டும்.

6. அபாய மணி யாருக்குக் கேட்கிறது என்று பாருங்கள்.

கடையில் விற்கும் சாதாரணப் புகை எச்சரிப்பான் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அளவில் கீச்சென்று கத்தும். வயதாகும்போது முதலில் போவது அந்த உயர்ந்த சுருதியைக் கேட்கும் திறன்தான். உறங்கும் முதியவரை எழுப்ப 520 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியே மேல் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். அத்தகைய எச்சரிப்பான் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டாலும் சாதாரண எச்சரிப்பானை அறைக்கு ஒன்று மாட்டுங்கள், பணியாளருக்காவது கேட்கும். அதோடு ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, அடிக்க இரும்புக் கம்பியும் பக்கத்தில் வையுங்கள். இரும்பு மணி ஓசைக்கு எழுந்து பழகியவர்கள் தோட்டத்து மனிதர்கள். மின்சாரம் போனாலும் அது அடிக்கும்.

7. வர மாட்டேன் என்பவர் இருப்பார்.

எல்லா இல்லத்திலும் இருப்பார். இருமி இருமிப் புகையில் நின்றுகொண்டு "என் பெட்டியை எடுக்காம வரமாட்டேன்" என்று பாட்டி சொல்வார். அந்தத் தகரப் பெட்டியில் இருப்பது ஒரு சேலை, இறந்துபோன கணவரின் படம், பழைய ஐசி (அடையாள அட்டை), மகள் வாங்கித் தந்த வளையல். நமக்குச் சாமான், அவருக்கு வாழ்ந்த வாழ்க்கை. "பெட்டி கெடக்குது, வாங்க பாட்டி" என்று அதட்டினால் கட்டிலைப் பிடித்துக்கொள்வார்.

ஆகவே முன்பே ஒரு துணிப் பை தைத்துக் கொடுங்கள். அவருக்கு எது விலைமதிப்பற்றதோ அதை அவர் கையாலேயே அதில் போடச் செய்து, கட்டில் காலில் கட்டி வையுங்கள். ஆபத்து நேரத்தில் பையை அவிழ்த்து மடியில் வைத்தால் அவர் வந்துவிடுவார். நினைவு தடுமாறியவரிடம் தீ, வெள்ளம் என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். முகத்துக்கு நேரே போய், பெயர் சொல்லி அல்லது தாத்தா, பாட்டி என்று அழைத்து, கையைப் பிடித்து, "வாங்க, போவோம்" என்று ஒரே வாக்கியம் சொல்லுங்கள். காலமெல்லாம் தோட்டத்தில் உழைத்தவருக்கு "பெரட்டுக்கு நேரமாச்சு" என்ற சொல் வேலை செய்யும்.

8. மின்சாரமும் விளக்கும்.

பழைய பங்களாவாக இருந்தால் குடிபுகும் முன் உரிமம் பெற்ற வயரிங் ஆளை வைத்து முழு வீட்டையும் சோதித்துவிடுங்கள். ஒரே பிளக்கில் நாலு சாதனம் செருகும் நீட்டிப்பு வயர்களைத் தூக்கி எறியுங்கள். காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம், சுவர் மின்விசிறி, கைப்பேசி சார்ஜர் என்று ஒரு கட்டிலைச் சுற்றியே இப்போது அவ்வளவு வயர் ஓடுகிறது. 2016 அக்டோபர் 25ஆம் தேதி ஜொகூர் பாருவில் பெரிய அரசு மருத்துவமனையான சுல்தானா அமினாவின் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தீப்பிடித்து ஆறு நோயாளிகள் இறந்தார்கள். அத்தனை தாதியரும் மருத்துவரும் உள்ள இடத்தில் அப்படி என்றால் நம் இல்லங்கள் எம்மாத்திரம்.

சாமி விளக்கை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரியவர்களுக்கு அதுதான் நாளின் தொடக்கம். திரைச்சீலையும் காகிதமும் அண்டாத இடத்தில், தண்ணீர் ஊற்றிய பித்தளைத் தாம்பாளத்தின் நடுவில் வைத்து ஏற்றுங்கள். ஏற்றியவர் மலையேற்றும் வரை அங்கேயே இருக்க வேண்டும். ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது. கேஸ் சிலிண்டர் வீட்டுக்கு வெளியே.

9. தீயணைப்பான் எத்தனை வாங்கினீர்கள் என்பதைவிட, இரவுப் பணியாளர் அதை ஒரு முறையாவது அழுத்திப் பார்த்திருக்கிறாரா என்பது முக்கியம். ஊசியை இழு, தீயின் அடியைக் குறி பார், அழுத்து, இடம் வலமாக வீசு. எண்ணெய்ச் சட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடியால் மூடு. பிறகும் அடங்காவிட்டால் விட்டுவிட்டு ஆளைக் காப்பாற்று. அதன்மேல் ஒட்டியிருக்கும் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

10. இல்லம் நிற்கும் மண்ணைப் படியுங்கள்.

ஈப்போ அழகான ஊர். சுற்றிலும் சுண்ணாம்புக் குன்றுகள், அடிவாரத்தில் குறைந்த வாடகை. அந்த வாடகைக்கு மயங்காதீர்கள். தைப்பூசத்துக்குக் காவடி போகும் கல்லுமலைக் கோயில் இருக்கிறதே, அதே குனோங் சீரோ குன்றிலிருந்து 1973 அக்டோபர் 18ஆம் தேதி பெரும்பாறை பெயர்ந்து கீழே இருந்த குடியிருப்பின்மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். அன்று அடிவாரத்தில் இருந்தவர்கள் ஓடக்கூடியவர்கள், அவர்களுக்கே நேரமில்லை. செங்குத்தான பாறைச்சுவருக்குக் கீழே முதியோர் இல்லம் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

கம்பாருக்கு அருகே போஸ் டிபாங்கில் 1996 ஆகஸ்ட் 29ஆம் தேதி மாலை மலையிலிருந்து சேறும் மரங்களுமாக வெள்ளம் இறங்கி 44 பேரைக் கொண்டுபோனது. பூர்வகுடி மக்களின் கிராமம் அது. 2011 மே 21ஆம் தேதி சிலாங்கூர் உலு லங்காட்டில் ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்துக்குப் பின்னால் இருந்த மேட்டு மண் சரிந்து 16 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். இல்லத்துக்குப் பின்னால் வெட்டிய மேடு இருந்தால் மழைக்குப் பின் போய்ப் பாருங்கள். புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், முன்பு இல்லாத இடத்தில் ஊறும் நீர், கலங்கி வரும் நீர், திடீரென்று திறக்கச் சிரமப்படும் கதவு இவையெல்லாம் மண் கொடுக்கும் குறிகள்.

கிந்தா பள்ளத்தாக்கில் வெள்ளீயம் தோண்டிய குட்டைகள் ஏராளம். கீழே சுண்ணாம்புக் கல் என்பதால் தரை உள்வாங்குவதும் உண்டு. வீடு பார்க்கப் போகும்போது வீட்டுத் தரகரிடம் கேட்டதோடு நிறுத்தாமல், பக்கத்தில் நெடுநாள் குடியிருக்கும் பெரியவரிடம் "தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேளுங்கள். தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஓடை எந்த வருடம் எந்தப் படியைத் தொட்டது என்று தெரியும். பழைய சுவரின் அடியில் கறைக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

11. பழைய தோட்டத்துக்குள் இல்லம் வைப்பவர்களுக்கு.

காற்று, நிழல், அமைதி எல்லாம் உண்டு. துரை பங்களா காலியாகக் கிடக்கும், பெரியவர்களுக்கும் பழகிய இடம். ஆனால் போம்பா (தீயணைப்புத் துறை) வண்டி அங்கே வர முடியுமா? செம்மண் சாலை மழையில் தாங்குமா? ஓடையின் மேல் உள்ள பலகைப் பாலம் தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியின் பாரத்தைத் தாங்குமா? தோட்டத்துத் தடைக்கட்டையின் சாவி இரவில் யாரிடம்? தீயணைப்புக்கான தெருக்குழாய் எவ்வளவு தொலைவில்? முகவரி சொன்னால் கண்டுபிடிக்க முடியுமா, அல்லது "பழைய பால் கொட்டகை தாண்டி இடது பக்கம்" என்று சொல்ல வேண்டியிருக்குமா? 999இல் பேசுபவருக்குப் பால் கொட்டகை தெரியாது. வழியைச் சாலைப் பெயரும் கிலோமீட்டருமாக மலாயில் நாலு வரி எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் வாய் குழறும்போது பார்த்து வாசிக்கலாம். கூரைமேல் சாயும் பெரிய மரங்களைப் புயற்காற்றுக்கு முன் வெட்டச் சொல்லுங்கள்.

12. வெள்ளத்துக்கு முந்திக்கொண்டு கிளம்புங்கள்.

தீ தொடங்கினால் நிமிடங்கள்தான். வெள்ளம் பெரும்பாலும் மணிக்கணக்கில் அவகாசம் தரும். அந்த அவகாசத்தை வீணாக்குவதால்தான் இல்லங்களில் உயிர்கள் போகின்றன. ஜப்பானின் இவாய்சுமியில் 2016 ஆகஸ்ட் 30ஆம் தேதி ஆற்று வெள்ளம் ஒரு முதியோர் இல்லத்துக்குள் புகுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். அன்று காலையிலேயே வெளியேறத் தயாராகும்படி அறிவிப்பு வந்திருந்தது. அந்த அறிவிப்பு வந்தால் முதியவர்கள் உடனே கிளம்ப வேண்டும் என்பது இல்லத்துப் பொறுப்பாளருக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்திலேயே மாடிக் கட்டடமும் இருந்தது. அமெரிக்காவில் 2005இல் கத்ரீனா சூறாவளியின்போது கிளம்பாமல் இருந்த செயின்ட் ரீட்டா இல்லத்தில் 35 பேர் மூழ்கினார்கள்.

நம் நாட்டில் வடிகால் நீர்ப்பாசனத் துறை ஆற்று மட்டத்தை இணையத்தில் போடுகிறது. வஸ்பாடா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று மூன்று படிகள். உங்கள் பக்கத்து ஆற்றின் அளவுகோல் எது என்று தெரிந்துகொண்டு, மழை நாள்களில் கைப்பேசியில் பாருங்கள். ஊர்க்காரர்கள் பஹாயாவில் கிளம்பட்டும். நீங்கள் வஸ்பாடாவில் வாகனம் சொல்லி, அமாரானில் கிளம்பிவிட வேண்டும். முடிவு எடுப்பவர் யார், அவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அடுத்து யார் என்று எழுதி வையுங்கள். இரவுப் பணியாளருக்கும் முடிவெடுக்கும் அதிகாரம் இருக்க வேண்டும். கிளம்பி, வெள்ளம் வராமல் திரும்பினால் யாரையும் கடிந்துகொள்ளாதீர்கள்.

ஈப்போவில் பருவ மாற்றக் காலத்து மாலை இடிமழை ஒரு மணி நேரத்தில் கால்வாயை நிரப்பிச் சாலைக்கு ஏறிவிடும். அதற்கு இந்த மூன்று படிக் கணக்கு உதவாது. வாசற்படி அளவில் தண்ணீர் வரும் இடமென்றால் அங்கே இல்லம் வைக்காதீர்கள் என்பதுதான் என் பதில்.

எங்கே போவது? அரசு திறக்கும் தற்காலிக நிவாரண மையம் பெரும்பாலும் பள்ளி மண்டபம். பாய் கிடைக்கும், கட்டில் கிடைக்காது. படுக்கைப் புண் உள்ளவரை சிமெண்டுத் தரையில் மூன்று நாள் போட முடியாது. மேட்டுப் பகுதியில் உள்ள இன்னோர் இல்லத்தோடு இப்போதே பேசிக்கொள்ளுங்கள்: உங்களுக்கு ஆபத்து என்றால் அவர்கள் இடம் தருவது, அவர்களுக்கு என்றால் நீங்கள் தருவது. தமிழர் இல்லம்தான் வேண்டும் என்பதில்லை. சீனர் சங்கம் நடத்தும் இல்லமும் தேவாலயம் நடத்தும் இல்லமும் நல்ல அண்டை வீடுகள்.

வாகனமும் அப்படித்தான், முன்பே தயாராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமியின்போது இலங்கையின் மட்டக்களப்பு நாவலடியில் சிறுவர் இல்லம் நடத்திய தயாளன் சாண்டர்ஸ், கடல் எழுந்து வருவதைக் கண்டதும் 28 பிள்ளைகளையும் படகில் ஏற்றிக் களப்பின் குறுக்கே கொண்டுபோய்க் காப்பாற்றினார். இயந்திரம் பூட்டிய படகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, ஏறச் சொன்னதும் பிள்ளைகள் ஏறினார்கள். உங்கள் வேனில் எப்போதும் அரை டேங்க் பெட்ரோல் இருக்கட்டும். கோயில் பேருந்து, பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்களின் எண்கள் கைவசம் இருக்கட்டும்.

13. மின்சாரம் போனால் அதுவும் பேரிடர்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி கடந்தபின், ஹாலிவுட் ஹில்ஸ் என்ற இல்லத்தில் குளிரூட்டி நின்று, வெப்பத்தால் 12 முதியவர்கள் இறந்தார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் மருத்துவமனை. நம் வெயிலுக்கு இது அயல்நாட்டுக் கதை அல்ல. மின்தடை நீடித்தால் குடிக்கத் தண்ணீர், ஈரத்துணி ஒத்தடம், சன்னல் திறப்பு இவற்றோடு, உடம்பு கொதித்து மயங்குபவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஆக்சிஜன் இயந்திரத்தை நம்பி இருப்பவருக்கு உருளை ஒன்று எப்போதும் கைவசம் வேண்டும். இன்சுலினுக்குப் பனிக்கட்டிப் பெட்டி.

14. ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்.

பெயர், படம், நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, எப்படி நடப்பார், எந்த மொழி பேசுவார், உறவினர் எண். இதையும் ஐசி நகலையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒரே கோப்பில் வாசலுக்கு அருகில் வையுங்கள். தோட்டத்துப் பெரியவர்களில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ஆவணம் தொலைந்தால் மருத்துவமனைக் கட்டணம் முதல் உதவித்தொகை வரை எல்லாவற்றிலும் அல்லல்படுவார்கள். நகல் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். மூன்று நாள் மருந்தும் அந்தக் கோப்போடு சேர வேண்டும்.

15. பணியாளர்.

எல்லாவற்றையும் கடைசியில் செய்யப் போவது இவர்தான், நீங்கள் அல்ல. இந்தோனேசியாவிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்த பெண்ணாக இருக்கலாம். பாட்டியின் தமிழ் அவருக்குப் புரியாது, அவருடைய பேச்சு பாட்டிக்குப் புரியாது. "எழுந்திரிங்க, வாங்க, கையப் பிடிங்க, பயப்படாதீங்க" என்ற நாலு சொல்லை அவர் தமிழில் சொல்லும்வரை சொல்லிக் கொடுங்கள். அவருடைய கடப்பிதழைப் பிடுங்கி வைக்காதீர்கள். இரவு முழுக்க விழித்திருக்க வேண்டியவரைப் பகலிலும் வேலை வாங்காதீர்கள். களைத்த ஆளிடம் எந்தப் பயிற்சியும் நிற்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வையுங்கள். அதில் ஒன்றாவது உண்மையான இரவில், உண்மையான இரண்டு பேரை மட்டும் வைத்து நடக்கட்டும். பெரியவர்களைப் பயமுறுத்தாமல் இருக்க, படுக்கைக்காரர் இடத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். கடிகாரம் பிடியுங்கள். போர்வையில் இழுபட்டு வாசற்படியில் முதுகு இடிக்கும்போது, சரிவுப் பாதை எங்கே குறைகிறது என்று தெரிந்துவிடும். முடிந்தபின் தலை எண்ணுங்கள், எல்லாருக்கும் தேநீர் கொடுங்கள், எது சரியில்லை என்று பணியாளரையே பேசவிடுங்கள்.

16. 1993ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கினாலே சமூகநலத் துறையில் பதிவு செய்ய வேண்டும். போம்பாவின் ஒப்புதலும் வேண்டும். செலவு, அலைச்சல் என்று பதிவில்லாமல் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். சேவை மனம் உள்ளவர்களும் அவர்களில் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். பதிவில்லாத இல்லம் ஆபத்து நேரத்தில் மீட்பவர்களின் பட்டியலில் இருக்காது. உள்ளே எத்தனை பேர், எந்த அறையில் என்பது எவருக்கும் தெரியாது.

அதிகாரிகள் வந்து சோதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வரும் வாரமே உங்களுக்கு மிக அருகில் உள்ள போம்பா நிலையத்துக்குப் போங்கள். இல்லத்தின் வரைபடத்தையும், எந்த அறையில் நடக்க முடியாத எத்தனை பேர் என்ற தாளையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒரு நாள் வந்து பார்க்கும்படி கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் உங்கள் இரவுப் பணியாளர்கள் இருவரும் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.